ஓதத் தெரிந்த பிள்ளைக்கு விளங்கவும் வேண்டும்

(பெரியநீலாவணையில், சிறுவர்களுக்கான வார இறுதி அரபு வகுப்பின் பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நம்முடைய கரையில், இந்தப் பெரியநீலாவணை தொடங்கிப் பொத்துவில் வரைக்கும், அரபு எழுத்தை வாசிக்கத் தெரியாத முஸ்லிம் பிள்ளையைத் தேடிக் கண்டுபிடிப்பது கஷ்டம். ஐந்து வயதில் ஓதப்பள்ளிக்கு அனுப்புகிறோம். அலிபு, பே, தே என்று தொடங்கி, எழுத்துக் கூட்டி, சின்னச் சின்ன சூறாக்களைப் பாடமாக்கி, பத்துப் பன்னிரண்டு வயதில் குர்ஆனின் முப்பது ஜுஸ்உவையும் ஓதி முடித்துவிடுகிற பிள்ளைகள் ஏராளம். அன்றைக்கு வீட்டில் சோறாக்குகிறோம். ஓதிக்கொடுத்தவருக்கு ஹதியா கொடுக்கிறோம். உம்மாவின் கண் நிறைகிறது. இத்தனையும் நியாயமான சந்தோஷம். அதே பிள்ளையிடம் ஒரு அரபி வந்து, உன் பேர் என்ன, உன் வீடு எங்கே என்று கேட்டால் பிள்ளை வாப்பாவின் முகத்தைப் பார்க்கும். வாப்பா உம்மாவின் முகத்தைப் பார்ப்பார்.

ஓதப்பள்ளியைக் குறை சொல்ல நான் இங்கே வரவில்லை. ஓதல் வணக்கம். பொருள் விளங்காமல் ஓதினாலும் அதற்குரிய நன்மை உண்டு என்ற நம்பிக்கையில் வளர்ந்த சமூகம் நாம். எழுத்தைச் சரியாகச் சொல்லவும், நீட்ட வேண்டிய இடத்தில் நீட்டவும், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தவும் ஓதப்பள்ளி கற்றுக்கொடுக்கிறது. அதன் கடமை அது. அரபை ஒரு மொழியாகக் கற்பிக்கும் பொறுப்பை யாரும் அதனிடம் ஒப்படைத்ததில்லை. அந்தப் பொறுப்பை இந்தச் சனி, ஞாயிறு வகுப்பு எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வந்தது. ஓதப்பள்ளியில் செய்வதையே இங்கேயும் இரண்டாம் முறை செய்வதாக இருந்தால் பிள்ளைகளின் விடுமுறை நாளைப் பறிக்க நமக்கு உரிமை கிடையாது.

இத்தனை வருடம் ஓதியும் ஏன் மொழி வரவில்லை? பிள்ளைக்கு மூளை போதாது என்பதா காரணம்? இல்லை. காரணம் நாம் ஓதும் பிரதியிலேயே இருக்கிறது. குர்ஆனில் ஒவ்வொரு எழுத்துக்கும் மேலேயும் கீழேயும் குறி போட்டிருக்கிறது. அகரமா, இகரமா, உகரமா, எழுத்தை இரட்டிக்க வேண்டுமா, எல்லாம் எழுதியே இருக்கிறது. அந்தக் குறிகளைப் படிக்கத் தெரிந்தால் ஒரு சொல்லுக்கும் பொருள் தெரியாமல் முழுக் கிதாபையும் பிழையில்லாமல் ஓதிவிடலாம். ஓதுவதில் பிழை வரக்கூடாது என்பதற்காக முன்னோர் செய்த ஏற்பாடு அது. கெய்ரோவில் அச்சாகும் பத்திரிகையில் இந்தக் குறிகள் இல்லை. கடைப்பலகையிலும் நாவலிலும் பெரும்பாலும் இல்லை. காப், தே, பே என்று மூன்று எழுத்து மட்டும் நிற்கும். அதைக் கதப என்று வாசித்தால் எழுதினான் என்று பொருள். குதிப என்றால் எழுதப்பட்டது. குதுப் என்றால் புத்தகங்கள். எதை வாசிப்பது என்று எழுத்து சொல்லாது; சொல்லைத் தெரிந்தவனுக்குத்தான் அந்த மூன்று எழுத்தும் வாய் திறக்கும். ஆகவே முப்பது ஜுஸ்உவும் ஓதி முடித்த நம் பிள்ளை ஒரு அரபுப் பத்திரிகையின் முதல் வரியிலேயே நின்றுவிடுகிறது. முதலில் விளங்க வேண்டும், பிறகுதான் வாசிக்க முடியும். அரபு மொழி விதித்திருக்கும் வரிசை இதுதான். நாம் இதைத் தலைகீழாகச் செய்து வந்திருக்கிறோம்.

இன்னொரு தடையையும் சொல்ல வேண்டும். அரபுச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதிப் பாடமாக்குவது. கடைகளில் அப்படிச் சிறு புத்தகங்கள் விற்கின்றன. அவசரத்துக்குத் துஆ பாடமாக்கப் பெரியவர்களுக்கு உதவுகின்றன. சின்னப் பிள்ளையின் கையில் அதைக் கொடுக்காதீர்கள். தீன் என்று தமிழில் எழுதுகிறோம். அரபில் அது மார்க்கமாக இருக்கலாம், அத்திப்பழமாக இருக்கலாம், களிமண்ணாகவும் இருக்கலாம். மூன்றுக்கும் முதல் எழுத்து வேறு, நாக்கு படும் இடம் வேறு. தமிழ் எழுத்துக்கு அந்த மூன்றையும் பிரித்துக்காட்ட வழி கிடையாது. எழுத்தின் குற்றம் அல்ல அது. தமிழ் எழுத்து தமிழுக்காகப் பிறந்தது. ஆறு வயதுப் பிள்ளையின் காது இந்த வேறுபாட்டைப் பிடிக்கும். நாற்பது வயதில் நாம் படாத பாடு படுவோம். காது திறந்திருக்கும் வயதில் கண்ணுக்குத் தமிழ் எழுத்தைக் காட்டி அந்தக் காதை மூடிவிடக்கூடாது.

உச்சரிப்பைப் பற்றிப் பேசும்போது இளம் மௌலவிமாருக்கு ஒரு வார்த்தை. நம் மூத்தம்மாமார் பர்ளு என்றார்கள், வுளு என்றார்கள், நோன்பு மாதத்தை இன்றைக்கும் றமழான் என்றுதான் எழுதுகிறோம். இதைக் கேட்டுச் சிலர் சிரிக்கிறார்கள். எட்டாம் நூற்றாண்டில் அரபு இலக்கணத்தை முதன்முதலில் விரிவாக எழுதிவைத்த சீபவைஹி, இந்தச் சொற்களில் வரும் ளாத் என்ற எழுத்து நாவின் ஓரத்துக்கும் அதை ஒட்டிய கடைவாய்ப் பற்களுக்கும் இடையில் பிறக்கிறது என்று சொல்கிறார். இன்றைய கெய்ரோவிலும் ரியாதிலும் கேட்கும் ஒலியை விட நம் கிழவிமாரின் ளகரமும் ழகரமும் அந்த வருணனைக்கு நெருக்கமாக நிற்கின்றன. பிள்ளைகளுக்கு இன்றைய தஜ்வீத் முறையைச் சொல்லிக்கொடுங்கள், வேண்டியதுதான். மூத்தம்மாவின் வாயைத் திருத்தப் போகாதீர்கள். ழ, ள, ல மூன்றையும் பிரித்துச் சொல்லப் பழகிய நாக்கு இந்த மண்ணின் சொத்து. அந்த நாக்குக்கு அரபின் கஷ்டமான எழுத்துகள் எட்டாத உயரமில்லை.

சரி, எங்கிருந்து தொடங்குவது? பிள்ளையிடம் ஏற்கெனவே இருப்பதிலிருந்து. வெளிநாட்டில் அச்சான வண்ணப் புத்தகத்தின் முதல் பாடத்தில் ஆப்பிளும் பனிமனிதனும் இருக்கும். நம் பிள்ளையின் வாயில் அதற்கு முன்பே நூற்றுக்கணக்கான அரபுச் சொற்கள் கிடக்கின்றன. அவை அரபு என்பதுதான் அதற்குத் தெரியாது. சூறாக்களின் பெயர்களைப் பாருங்கள். பகறா மாடு. நஹ்ல் தேனீ. நம்ல் எறும்பு. அன்கபூத் சிலந்தி. பீல் யானை. ஷம்ஸ் சூரியன், கமர் சந்திரன், லைல் இரவு, கலம் பேனா, ஹதீத் இரும்பு. ஏழு வயதுப் பிள்ளை இந்தப் பெயர்களையெல்லாம் கேட்டிருக்கிறது. பலதைப் பாடமாக்கியும் இருக்கிறது. ஆயத்துல் குர்ஸியை ஓதாமல் நம் பிள்ளைகள் படுப்பதில்லை. தான் உட்கார்ந்திருக்கும் கதிரைக்கும் குர்ஸி என்பதுதான் சொல் என்று தெரிகிறபோது அந்த முகத்தைப் பார்க்க வேண்டும். பிள்ளைகளின் பெயர்களே ஒரு பாடம்: ஜமீல் அழகானவன், கபீர் பெரியவன், நூர் வெளிச்சம். மருதமுனையில் ஷம்ஸ் மத்திய கல்லூரியும் அல்-மனார் மத்திய கல்லூரியும் இருக்கின்றன. கல்முனையில் ஸாஹிறா இருக்கிறது. ஒவ்வொரு நாளும் அந்தப் பலகைகளைக் கடந்து போகிற பிள்ளைக்கு அவை ஏதோ ஒன்றைச் சொல்கின்றன என்று காட்டினால் போதும், பாதிப் பாடம் முடிந்தது.

சென்ற வாரம் இங்கே நடந்த வகுப்பில் ஒரு மூலையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஆசிரியை மருதமுனைத் தறியிலிருந்து, நெய்து மிஞ்சிய நூலை ஒரு கூடையில் கொண்டுவந்திருந்தார். சிவப்பு, நீலம், பச்சை, கறுப்பு, வெள்ளை. புத்தகம் இல்லை, கொப்பி இல்லை. பிள்ளைகள் பாயில் வட்டமாக இருந்தார்கள். அவர் ஒரு துண்டு நூலை எடுத்து, ஹாதா அஹ்மர் என்றார். அடுத்த துண்டு, ஹாதா அஸ்ரக். பிள்ளைகளைத் திருப்பிச் சொல்லும்படி அவர் கேட்கவேயில்லை. கொஞ்ச நேரம் கேட்க மட்டும் விட்டார். பிறகு அஹ்மர் எங்கே என்று அரபில் கேட்டார். பிள்ளைகள் வாய் திறக்காமல் கையை நீட்டிக் காட்டினார்கள். அப்புறம் ஒரு பெண் பிள்ளையை எழுப்பி, தான் கட்டியிருந்த சேலையில் அஹ்மரைத் தேடச் சொன்னார். அதற்குள் ஒரு சின்னவன் பொறுக்க மாட்டாமல், பச்சை நூலைத் தூக்கிப் பிடித்து, அக்தர், அக்தர் என்று கத்தினான். அக்ழர் என்பது சரி. ஆசிரியை பிழை என்று சொல்லவில்லை. நஅம், ஹாதா அக்ழர் என்று சிரித்துக்கொண்டே சொல்லி அடுத்த நூலுக்குப் போனார். வகுப்பு முடிவதற்குள் அந்தச் சின்னவன் தானாகவே அக்ழர் என்று சொல்லிவிட்டான்.

இதில் கற்பித்தல் கலை முழுவதும் இருக்கிறது. முதலில் காது, அடுத்தது கை, அதன் பின்னர் வாய், கடைசியில் எழுத்து. எழு, இரு, கதவைத் திற, பேனாவைக் கொண்டு வா என்று கட்டளையிட்டு உடம்பால் செய்யவைத்துப் பழக்குவது உலகெங்கும் சின்னப் பிள்ளைகளின் மொழி வகுப்பில் கையாளும் முறை. அமெரிக்காவில் ஜேம்ஸ் ஆஷர் என்பவர் 1960களில் அதை ஒரு முறையாக வகுத்தார். அரபில் ஆண் பிள்ளையிடம் கும் என்றும் பெண் பிள்ளையிடம் கூமீ என்றும் சொல்ல வேண்டும். எழுத்துத் தமிழில் இந்த வேறுபாடு இல்லை என்று பெரியவர்கள் தடுமாறுகிறார்கள். மட்டக்களப்புப் பேச்சில் வளர்ந்த பிள்ளைக்கு அது ஒரு விஷயமே இல்லை. இஞ்ச வாடா, இஞ்ச வாகா என்று நாள் முழுக்கக் கேட்கிற காது அல்லவா!

இப்போது உம்மாமாரிடம் வருகிறேன். நான் முக்கியமாகப் பேச வந்தது உங்களோடுதான்.

1970களின் கடைசியிலிருந்து இந்தக் கரையின் பெண்கள் சவூதிக்கும் குவைத்துக்கும் கட்டாருக்கும் ஜோர்தானுக்கும் லெபனானுக்கும் வேலைக்குப் போகிறார்கள். பணிப்பெண் என்று கடவுச்சீட்டில் எழுதிக்கொண்டு போனார்கள். அங்கே யாரும் இவர்களுக்கு அரபு வகுப்பு நடத்தவில்லை. சமையலறையில் நின்று, பிள்ளை தூக்கி, வீட்டுக்காரியின் கோபத்தையும் சந்தோஷத்தையும் காதில் வாங்கி, ஓரிரு வருடத்தில் பேசப் பழகினார்கள். சந்தைக்குப் போய் விலை பேசினார்கள், வைத்தியரிடம் நோயைச் சொன்னார்கள், அரபுப் பிள்ளைகளுக்குத் தாலாட்டுப் பாடினார்கள். ஊருக்குத் திரும்பினார்கள். அந்த மொழியைப் பெட்டியில் கொண்டுவந்த போர்வையை விடக் கீழான சாமானாக எண்ணி மூலையில் போட்டுவிட்டார்கள். ஏனென்று கேட்டால், அது படிச்ச அரபு இல்லையே சேர், சும்மா வீட்டு அரபு என்பார்கள்.

ஒரே வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்று பாருங்கள். மகள் அரபை வாசிக்கிறாள், விளங்கவில்லை. உம்மாவுக்கு விளங்குகிறது, வாசிக்க அவ்வளவு பழக்கமில்லை. இருவரும் ஒரு பாயில் படுத்துறங்குகிறார்கள். ஒருவரிடம் இருப்பது மற்றவருக்குப் போய்ச் சேரவில்லை. கொழும்பிலிருந்தோ மதீனாவிலிருந்தோ ஆசிரியர் வரவேண்டும் என்று காத்திருக்கிறோம். நமக்குத் தேவையான அரபுப் பேச்சு அடுப்படியில் இருக்கிறது.

வீட்டு அரபு என்று கூச்சப்பட வேண்டாம். அரபு நாடுகளில் எழுதுவது ஒன்று, பேசுவது இன்னொன்று. சார்ள்ஸ் பெர்குசன் என்ற மொழியியலாளர் 1959இல் இந்த இரட்டை வழக்கைப் பற்றி எழுதியபோது அவர் எடுத்துக்கொண்ட முதன்மையான சான்றுகளில் ஒன்று அரபு. கெய்ரோப் பிள்ளையும் வீட்டில் ஒன்றைப் பேசி, பாடசாலையில் மற்றதைப் படிக்கிறது. தமிழ்ப் பிள்ளைக்கு இதை விளக்கவே வேண்டாம். வீட்டில் இரிங்க என்கிறோம், புத்தகத்தில் இருங்கள் என்று எழுதுகிறோம். இரண்டும் தமிழ்தான் என்று தரம் ஒன்றிலேயே அதற்குத் தெரியும். ஷ்லோனக் என்று உம்மா கேட்பதும், கைஃப ஹாலுக்க என்று புத்தகம் கேட்பதும் சுகமா என்ற ஒரே கேள்விதான் என்று சொன்னால் பிள்ளை இரண்டையும் வைத்துக்கொள்ளும். ஆசிரியை எழுத்து வழக்கைப் பார்த்துக்கொள்வார். நீங்கள் வந்து பேசுங்கள். இலக்கணப் பிழை இருந்தாலும் பேசுங்கள். உங்கள் காதில் நிற்கும் அந்த ஓசையும் ஓட்டமும் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

கைப்பேசியில் அரபுக் கார்ட்டூன் போட்டுக்கொடுத்தால் போதாதா என்று ஒரு தகப்பன் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பட்ரீசியா கூல் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 2003இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். ஒன்பது மாதக் குழந்தைகள் சிலரோடு சீனமொழி பேசுகிறவர்கள் நேரில் இருந்து, பன்னிரண்டு தடவை விளையாடிக் கதை சொன்னார்கள். அந்தக் குழந்தைகள் சீன ஒலிகளைப் பிரித்தறியப் பழகிவிட்டன. வேறு சில குழந்தைகளுக்கு அதே ஆட்கள் பேசுவதைத் திரையில் காட்டினார்கள். அவர்களுக்கு ஒன்றும் ஒட்டவில்லை. அது கைக்குழந்தைகளைப் பற்றிய ஆய்வு; ஆறு வயதுப் பிள்ளை கார்ட்டூனிலிருந்து சில சொற்களைப் பொறுக்கிக்கொள்ளும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனாலும் மொழி ஆளிடமிருந்து ஆளுக்குப் போகும் சாமான் என்பதை இதை விடத் தெளிவாகக் காட்டிய ஆய்வை நான் அறியேன். கேட்டால் பதில் சொல்லும், பிழை விட்டால் சிரிக்கும், சரியாகச் சொன்னால் அணைத்துக்கொள்ளும் ஒரு ஆள் வேண்டும். கைப்பேசியால் அது முடியாது.

கனடாவிலும் சுவிஸிலும் ஜேர்மனியிலும் நம் தமிழ் உறவினர்கள் வார இறுதியில் தமிழ் வகுப்பு நடத்துகிறார்கள். அவர்களுடைய கவலையும் இதேதான். பிள்ளை அ, ஆ எழுதுகிறது, பேச வருவதில்லை. பேச்சு நிற்கிற வீடுகளில் அப்பம்மாவோ அம்மம்மாவோ கூட இருக்கிறார்கள் என்று அங்கிருந்து வருகிறவர்கள் சொல்கிறார்கள். வகுப்பு வாரத்துக்கு இரண்டரை மணித்தியாலம். வீடு வாரம் முழுக்க.

அரபு கற்பிக்கத் தமிழை ஒதுக்கிவைக்க வேண்டும் என்று எண்ணுகிறவர்களும் இருக்கிறார்கள். நம் வரலாறு அப்படிச் சொல்லவில்லை. காலி நகரில் 1911இல் கண்டெடுத்த கல்வெட்டு இன்றைக்குக் கொழும்பு நூதனசாலையில் நிற்கிறது. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே கொண்டுவந்தது. 1409ஆம் ஆண்டு தேதியிட்டது. ஒரே கல்லில் சீனம், தமிழ், பாரசீகம். பாரசீகப் பகுதி அரபு எழுத்தில் இருக்கிறது. தமிழும் அரபு எழுத்தும் இந்தத் தீவில் ஒரே கல்லில் அருகருகே நின்று அறுநூறு வருடத்துக்கு மேலாகிறது. பின்னாளில் நம் ஆலிம்கள் இன்னும் ஒரு படி போனார்கள். தமிழில் உள்ள ட, ண, ள, ப போன்ற ஒலிகளுக்கு அரபு எழுத்தின் மேலும் கீழும் புள்ளியிட்டுப் புது எழுத்துச் செய்து, தமிழையே அரபு எழுத்தில் எழுதினார்கள். அரபுத்தமிழ் என்றோம். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) எழுதிய மகானியும் பத்ஹுத் தைய்யானும் இந்தக் கரையின் வீடுகளில் பெண்கள் கையிலும் இருந்த கிதாபுகள். மார்க்கச் சட்டத்தை நம் பாட்டிமார் தமிழில்தான் விளங்கிக்கொண்டார்கள். சித்திலெப்பை 1882இல் தொடங்கிய முஸ்லிம் நேசன் தமிழ்ப் பத்திரிகை. எகிப்திலிருந்து நாடுகடத்தப்பட்ட ஒராபி பாஷா 1883 முதல் 1901 வரை இலங்கையில் இருந்தார். அவர் வந்த காலத்துத் தூண்டுதலில்தான் கொழும்பு ஸாஹிறா 1892இல் பிறந்தது. அரபு தெரிந்தவர்களும் தமிழில் எழுதியவர்களும் ஒருவரோடு ஒருவர் கைகோத்து நின்ற காலம் அது.

இது கவிஞர் நீலாவணன் பிறந்த ஊர். 1961இல் கல்முனை எழுத்தாளர் சங்கத்தை உருவாக்கி, தமிழரும் முஸ்லிம்களுமாக ஒரு தலைமுறையை எழுதவைத்தவர் அவர். அந்தச் சூழலில் வளர்ந்தவர் கல்முனைக்குடியின் எம்.ஏ. நுஃமான். அவர் 1981இல் பலஸ்தீனக் கவிதைகளைத் தமிழுக்குத் தந்தார். பலஸ்தீனக் கவிஞர் மஹ்மூத் தர்வீஷை நம்மில் பலர் முதலில் அறிந்தது அந்தத் தொகுப்பில்தான். நுஃமான் அந்தக் கவிதைகளை ஆங்கிலம் வழியாகத்தான் கொண்டுவந்தார். தமிழுக்கு அது பெரிய கொடை. அதற்கு நான் கடமைப்பட்டவன். ஆனால் என் மனத்தில் ஒரு கேள்வி நிற்கிறது. தலைமுறை தலைமுறையாக அரபு எழுத்தை ஓதிய ஒரு கரைக்கு, தர்வீஷ் ஏன் லண்டனைச் சுற்றி வர வேண்டும்? இன்றைக்கு இந்தப் பாயில் உட்கார்ந்து நூல் பொறுக்கும் பிள்ளைகளில் ஒன்றாவது இருபது வருடம் கழித்து அரபிலிருந்து நேரே தமிழுக்கு ஒரு கவிதையை, ஒரு நாவலைக் கொண்டுவர வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன். அதற்கு அரபு மட்டும் போதாது. நல்ல தமிழும் வேண்டும். பிள்ளைகளின் தமிழைக் குறைத்து அரபை வளர்க்க நினைத்தால் இரண்டும் நொண்டும்.

இனி, சொல்லாமல் விடக்கூடாத ஒன்று. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு அன்று தேவாலயங்களில் நடந்த படுகொலையையும், ஐந்து நாள் கழித்துச் சாய்ந்தமருதில் குண்டு வெடித்ததையும் யாரும் மறக்கவில்லை. அதன்பின் அரபு எழுத்து என்றாலே அச்சம் என்ற நிலை வந்தது. பலகைகளிலிருந்து அரபு எழுத்தை அழித்தார்கள். வீட்டில் இருந்த அரபுக் கிதாபுகளை என்ன செய்வது என்று தெரியாமல் நடுங்கிய குடும்பங்கள் உண்டு. சிலர் செய்த அந்தக் குற்றத்துக்கு ஒரு மொழியைக் கூண்டில் ஏற்றினார்கள். அரபில் தொழுகிறவர்களும் இருக்கிறார்கள், அரபில் தேவாலயத்தில் ஜெபிக்கிறவர்களும் இருக்கிறார்கள். எகிப்தின் கொப்டிக் கிறிஸ்தவர்களும் லெபனானின் கிறிஸ்தவர்களும் அரபு பேசுகிறவர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அரபுக்குப் பெரிய அகராதி தொகுத்த புத்ருஸ் அல்-புஸ்தானி லெபனானியக் கிறிஸ்தவர். 1973 டிசம்பர் 18இல் ஐக்கிய நாடுகள் சபை தன் மொழிகளில் ஒன்றாக அரபைச் சேர்த்தது. இதையெல்லாம் மேடையில் சொல்வதை விட, வகுப்பின் கதவைத் திறந்து வைப்பது நல்லது. பக்கத்து வீட்டுத் தமிழ்ச் சகோதரர்கள் எந்தச் சனிக்கிழமையும் வந்து பார்க்கலாம். அவர்களிலும் வளைகுடாவுக்குப் போய் வந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்கு விருப்பம் இருந்தால் பாயில் இடம் இருக்கிறது.

நடைமுறைக்கு வருகிறேன். நம் பிள்ளைகள் களைத்துப்போயிருக்கிறார்கள். பாடசாலை, ஓதப்பள்ளி, தரம் ஐந்துப் புலமைப்பரிசில் வகுப்பு, ஞாயிறு காலையில் அஹதியா மார்க்க வகுப்பு. இதற்கு மேல் இன்னொரு சுமையைத் தலையில் வைத்தால் பிள்ளை அரபை வெறுக்கும். வெறுப்பு வந்தால் பிறகு எந்த ஆசிரியராலும் மாற்ற முடியாது. ஆகவே சனி காலையில் ஒன்றரை மணித்தியாலம், ஞாயிறு மாலையில் ஒரு மணித்தியாலம், அதற்கு மேல் வேண்டாம். முதல் வருடம் பரீட்சையும் புள்ளியும் வேண்டாம். பிரம்பு எந்த வருடமும் வேண்டாம். வீட்டுப்பாடம் கொடுப்பதை விட, மஃரிபுக்குப் பிறகு பத்து நிமிடம் உம்மாவும் பிள்ளையும் அரபில் பேசட்டும். சோறு, தண்ணீர், மீன், கடல், கதவு, விளக்கு, வீட்டில் கண்ணில் படுவதெல்லாம் பேசலாம். சனிக்கிழமை கேட்ட சொல் அடுத்த சனி வரைக்கும் காதில் விழாவிட்டால் போய்விடும். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கேட்டால் நிற்கும்.

இந்தப் பாதை எங்கே போகிறது என்று வாப்பாமார் கேட்பீர்கள். க.பொ.த. சாதாரண தரத்திலும் உயர்தரத்திலும் அரபு ஒரு பாடம். ஒலுவிலில் 1995இல் தொடங்கிய தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமிய கற்கைகள், அரபு மொழிப் பீடம் 2005 முதல் இருக்கிறது. இங்கிருந்து பஸ் ஏறினால் போய்விடலாம். சவூதிக்கோ கட்டாருக்கோ போகிற மகன் ஒப்பந்தத்தைத் தானே வாசித்துக் கையெழுத்து வைக்கலாம். அரபு தெரிந்தால் எல்லாருக்கும் வேலை கிடைக்கும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். கையெழுத்து வைத்த காகிதத்தில் என்ன எழுதியிருந்தது என்று தெரியாமல் சீரழிந்து வந்தவர்களை நாம் எல்லாரும் கண்டிருக்கிறோம். அதைத் தவிர்க்கவாவது இது உதவும்.

உம்மாமாரே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். வளைகுடாவில் இரண்டு வருடம் இருந்தீர்களோ பத்து வருடம் இருந்தீர்களோ, வரும் சனிக்கிழமை காலை இந்த வகுப்புக்கு வாருங்கள். பாடம் எடுக்கச் சொல்ல மாட்டோம். பிள்ளைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அங்கே அந்த வீட்டுப் பிள்ளைகளோடு எப்படிப் பேசினீர்களோ, அப்படியே உங்கள் பிள்ளைகளோடும் பேசுங்கள்.